வலது கால் மாத்திரம்

1982ஆம் வருஷம் ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை, நான் செத்து ஏழு வருஷம் ஆகிவிட்டது என்று எனக்குச் சொன்னார்கள். சொன்னவர் அரசாங்க அலுவலகத்தில் இருந்த ஒரு குமாஸ்தா அம்மா. அவர் கேலி செய்யவில்லை. மிகவும் மரியாதையாகத்தான் சொன்னார்.

"பேரு அந்தோணிசாமி. அப்பா பேரு மரியதாஸ். கோவில்பத்து. சரிதானுங்களே?"

"சரிதாம்மா."

"தப்பா நெனைச்சுக்காதீங்க. நீங்க எழுபத்தஞ்சுலயே தவறிட்டதா இங்க எழுதியிருக்குங்க."

நான் கக்கத்தில் இருந்த கட்டையை எடுத்துத் தரையில் ஒரு தட்டு தட்டினேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "செத்தவன் கட்டை ஊனிக்கிட்டு வந்து நிப்பானாம்மா?" என்று கத்தினேன். அந்த அம்மா பயப்படவில்லை. "நீங்க உயிரோட இருக்கறது எனக்குத் தெரியுதுங்க. இந்தப் பட்டியலுக்கும் தெரியணுமே" என்றார்.

சகோதரர்களே, சகோதரிகளே, ஆண்டவர் எனக்குச் செய்ததை நான் வாயால் சொல்லியிருக்க வேண்டும். செபக் கூட்டத்தில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஆனால் நான் ஒரு இடத்தில் நிற்கிற ஆள் இல்லை. பூசையில் பிரசங்கம் கொஞ்சம் நீண்டால் எழுந்து வெளியே போய்விடுவேன். சாட்சியையும் பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவேன் என்று என் மனைவி பிலோமினா சொன்னாள். அதனால்தான் எழுதித் தருகிறேன். எழுதும்போதும் நாலு தடவை எழுந்து போய்விட்டு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் கால் போன கதையை முதலில் சொல்ல வேண்டும். விழிதியூர்ப் பக்கம் ஒரு ரைஸ்மில்லில் நான் இன்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தேன். இன்ஜினையும் அரவை மிஷினையும் சேர்க்கிற பெரிய பெல்ட்டு அடிக்கடி கழன்றுவிடும். இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் அதை ஏற்ற வேண்டும். அது மில்லில் கூலிக்கு நெல் கொண்டு வருகிறவர்களுக்குக்கூடத் தெரியும். நிறுத்தி, ஏற்றி, மறுபடி கிளப்புகிற வரைக்கும் எனக்குப் பொறுமை இருக்காது. ஓடுகிறபோதே காலால் தள்ளி ஏற்றிவிடுவேன். நூறு தடவை ஏற்றியிருப்பேன். 1975 மாசி மாதம், தபசு காலத்தில் ஒரு புதன்கிழமை, பெல்ட்டு என் வேட்டியைப் பிடித்துக்கொண்டது. வேட்டியோடு வலது காலையும் இழுத்துக்கொண்டது. யார்மேலும் பழி இல்லை. என் அவசரம்தான்.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் பார்த்தார்கள். அந்த இரண்டு நாளும் நான் செபித்ததுபோல் அதற்கு முன்னால் செபித்ததில்லை. காலை மட்டும் விட்டுவிடு, சாமி, வேறு எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று கெஞ்சினேன். பிலோமினா மாதாவுக்கு வெள்ளியில் கால் அடித்து வைப்பதாக நேர்ந்துகொண்டாள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

மயக்கம் தெளிந்து பார்த்தபோது போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அப்போது பிடித்த கோபம் எனக்கு ஏழு வருஷம் இறங்கவில்லை. டாக்டர் மேல் இல்லை, மில்காரர் மேல் இல்லை. கேட்டும் கொடுக்காத ஆண்டவர் மேல். வீட்டுக்கு வந்த அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். "அந்தக் காலைப் பத்தி இந்த வீட்டுல ஒருத்தரும் பேசக் கூடாது. வெள்ளிக் காலும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது." பிலோமினா சரி என்று தலையை ஆட்டினாள். அவளுக்கு அப்போது வயிற்றில் பிள்ளை.

எங்கள் சனத்தில் வெட்டி எடுத்த கையையோ காலையோ அப்படியே எறிந்துவிடுகிற வழக்கம் கிடையாது. ஞானஸ்நானத் தண்ணீர் பட்ட உடம்பு, அதனால் சாமியார் மந்திரித்த கல்லறை மண்ணில்தான் புதைப்போம். என் காலையும் எங்கள் பங்குக் கோவில் கல்லறையில் புதைத்துவிட்டதாக ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே காதில் விழுந்தது. ஆஸ்பத்திரி ஆட்கள் யாரோ கொண்டுபோய்க் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. பேசக் கூடாது என்று சட்டம் போட்டவனே எப்படிக் கேட்பது?

உயிர்ப்புத் திருநாளான பாஸ்கு ஞாயிறு கழிந்து பத்து நாள் இருக்கும். கட்டை வைத்து நடக்கப் பழகியதும் நான் முதலில் போனது கோவிலுக்குத்தான். செபிக்க இல்லை, சண்டை போட. அப்போது எங்கள் கோவிலில் ஒரு வயதான உபதேசியார் இருந்தார். பிள்ளைகளுக்குச் செப மந்திரம் சொல்லிக் கொடுப்பதும், ஞானஸ்நானம், கலியாணம், சாவு எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதி வைப்பதும் அவர் வேலை. மெல்லிய குரல். எதையும் நிதானமாகச் செய்கிறவர். அவரைப் பார்த்தாலே எனக்குப் பொறுக்காது.

"கல்லறைப் புத்தகத்துல என் காலை எழுதிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"காலுக்கெல்லாம் நம்பர் போட்டு எழுதுற வழக்கமில்லீங்களே, தம்பி. ஆளுக்குத்தான் எழுதுறது."

"என் பேரைப் போட்டு எழுதுங்க. எடுத்துக்கிட்டவரு எடுத்துக்கிட்டாருன்னு எழுத்துல இருக்கட்டும்."

அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். நம்பர் போட்டார். என் பெயரை எழுதினார். அப்பா பெயர், வயது, புதைத்த தேதி. ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவை மையில் தொட்டார். "இன்னும் ஒரு கட்டம் இருக்கு, தம்பி. குறிப்பு. செத்த நேரம் உக்காருங்களேன்" என்றார். "அது உங்க பாடு" என்று சொல்லிவிட்டு நான் வந்துவிட்டேன். ஆண்டவரை எழுத்தில் மாட்டி வைத்துவிட்டதாக எனக்கு ஒரே திருப்தி.

அந்த எழுத்துதான் பிறகு என்னைக் கொன்றது. கல்லறையில் அடக்கமானவர்கள் யார் யார் என்று கோவிலிலிருந்து அரசாங்கத்துக்கு ஒரு பட்டியல் போகும். அந்தப் பட்டியலில் பெயருக்கும் தேதிக்கும்தான் கட்டம் உண்டு. குறிப்புக்குக் கட்டம் கிடையாது. யாரோ ஒரு புண்ணியவான் என் பெயரையும் வரிசையாகப் பார்த்து எழுதி அனுப்பிவிட்டார். ரேஷன் கார்டில் உயிரோடு இருந்தேன், பட்டியலில் செத்துவிட்டேன். ஏழு வருஷமாக எனக்கே தெரியாது.

அந்த ஏழு வருஷம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். கோவில்பத்தில் சாலையோரம் உட்கார்ந்து பம்பு ஸ்டவ்வும் பெட்ரோமாக்ஸும் பழுது பார்த்தேன். உட்கார்ந்து என்று எழுதுகிறேனே தவிர, ஒரு ஸ்டவ்வுக்குப் பின் குத்தி அடைப்பு எடுத்து முடிப்பதற்குள் கட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பஸ் நிலையம் வரை போவேன், கடற்கரைச் சாலை வரை போவேன், எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியாது. ஸ்டவ் கொடுத்தவர்கள் வந்து பார்த்துவிட்டுத் திட்டிவிட்டுப் போவார்கள். வீட்டைத் தாங்கியது பிலோமினாதான். தினமும் விடிய கிளிஞ்சல்மேட்டுக்கு நடந்து போய், படகுத் துறையில் மீன் எடுத்து, கூடையைத் தலையில் வைத்துத் தெருத் தெருவாக விற்றாள். மகள் ஸ்டெல்லா பிறந்த மூன்றாவது மாதமே கூடையைத் தூக்கிவிட்டாள்.

1982 தொடக்கத்தில் அவளுக்கு இடது கை மரத்துப்போக ஆரம்பித்தது. கையில் பிடித்த தட்டு அவளுக்கே தெரியாமல் விழும். டாக்டர் கழுத்தைப் பார்த்துவிட்டு, கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, இனிமேல் தலையில் ஒரு படி அரிசிகூடத் தூக்கக் கூடாது என்று சொன்னார். அவள் மறுநாளே கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். "நான் படுத்துட்டா அடுப்பு எரியுமாங்க?" என்று கேட்டாள். எழுந்து வெளியே போனேன்.

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெரியவர் இருந்தார். பிரெஞ்சுக்காரர் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். தெருவில் எல்லோரும் அவரை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, முசே என்போம். அவர்தான் அரசாங்கம் ஊனமுற்றவர்களுக்கு மாதாமாதம் உதவிப் பணம் தருகிறது என்று எனக்குச் சொன்னார். அது வந்தால், வீட்டு வாசலில் இடியாப்பம் போட்டு விற்றுக்கூடச் சமாளிக்கலாம், அவள் தலையிலிருந்து கூடை இறங்கும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. டாக்டர் சான்று வாங்குவது சுலபமாக முடிந்தது. அவர் வேட்டியை விலக்கிப் பார்த்தார், எழுதினார், கையெழுத்துப் போட்டார். அந்தக் காகிதத்தோடு ஓடிப்போய் நின்றபோதுதான் நான் செத்த செய்தி எனக்குக் கிடைத்தது.

உதவிப் பணம் கேட்டவர்களின் அந்த வருஷத்துப் பட்டியல் ஆகஸ்ட் ஆறாம் தேதி புதுச்சேரிக்குப் போகிறது, அதற்குள் சரி செய்து கொண்டு வந்தால் சேர்த்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் மறுபடி எப்போது என்று தெரியாது என்று குமாஸ்தா அம்மா சொல்லி அனுப்பினார். மூன்று வாரம்கூட இல்லை.

முசேயிடம் போய்க் கத்தினேன். அவர் சிரித்தார். "அட, இதுக்கா குதிக்கிறே? நாங்கள்லாம் வருஷா வருஷம் உயிரோட இருக்கோம்னு எழுதி வாங்குறோமே. அதைக் காட்டினாத்தான் எனக்குப் பென்ஷன் வரும். நீயும் வாங்கிட்டாப் போச்சு. வா, நான் கூட்டிட்டுப் போறேன்." மறுநாள் செவ்வாய்க்கிழமை. கோட்டுப் போட்டுக்கொண்டு, பதக்கம்கூடக் குத்திக்கொண்டு, அவர் என்னோடு வந்தார். குமாஸ்தா அம்மாவுக்கு மேலே இருந்த அதிகாரியிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்த அதிகாரி முழுவதும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க உயிரோட இருக்கீங்க. சரி. அப்ப உங்க பேர்ல அங்க பொதைச்சது யாரை?"

"என் காலைங்க."

"அதுக்கு எழுத்து இருக்கா? அந்தத் தேதியில கால் எடுத்தாங்கன்னு ஆஸ்பத்திரிச் சீட்டு ஏதாச்சும்? இல்லைன்னா நாளைக்கு இன்னொருத்தன் வந்து, அங்க பொதைச்சது என் அண்ணனைன்னு சொல்வான். நான் என்ன பண்றது?"

ஆஸ்பத்திரிச் சீட்டு எங்களிடம் இருந்தது உண்மை. தகரப் பெட்டியில் வைத்திருந்தோம். எழுபத்தேழு புயலில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து பெட்டியில் இருந்த காகிதமெல்லாம் கூழாகிவிட்டது.

அன்று பிலோமினா அந்தோணியாருக்கு நவநாள் தொடங்கப் போவதாகச் சொன்னாள். காணாமல் போனதைத் தேடித் தருகிறவர் அந்தோணியார், செவ்வாய்க்கிழமை அவர் நாள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் அவளைச் சும்மா விடவில்லை.

"ஒம்பது செவ்வாய்க்கு எங்க போறது? நம்மகிட்ட இருக்கறது மூணுதான்."

"செவ்வாய்க்கு மூணு தடவையாச் சொல்லிடலாங்க."

"காலையே தேடித் தராதவரு சீட்டைத் தேடித் தருவாராக்கும்?"

"உங்களுக்கு அவரு பேரைத்தான் வச்சிருக்கு. கேட்டா இல்லேன்னு சொல்ல மாட்டாரு" என்று சொல்லிவிட்டு மெழுகுவர்த்தி வாங்கப் போனாள்.

நானும் செபித்தேன். ஏழு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக. ஆனால் நான் கேட்டது சீட்டை இல்லை. என் பெயரை அந்தப் புத்தகத்திலிருந்து அடித்துவிடு, சாமி என்று கேட்டேன். மூலத்தில் அடித்துவிட்டால் எல்லா இடத்திலும் அடித்ததாகும் என்பது என் கணக்கு. அன்று மாலையே பங்குச் சாமியாரிடம் போனேன். பழைய உபதேசியார் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. இந்தச் சாமியார் புதிதாக வந்தவர், என்னைவிட இளையவர்.

"கல்லறைப் புத்தகத்துல என் பேர் இருக்கு, சாமி. அதை அடிச்சிடுங்க."

"அப்படியெல்லாம் அடிக்க முடியாதுப்பா. அந்தப் புத்தகத்துல கை வைக்க எனக்கு அதிகாரம் இல்ல. என்ன எழுதியிருக்குன்னு முதல்ல எடுத்துப் பாக்கலாம், உக்காரு."

"நான் உயிரோட நிக்கிறேன், இதுல பாக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்டுவிட்டு, அவர் அலமாரியைத் திறக்கப் போனபோதே நான் படியிறங்கிவிட்டேன். சொன்னேனே, நான் அப்படிப்பட்டவன்.

அடுத்த இரண்டு வாரம் நான் வீட்டில் இருந்ததே இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஐந்து தடவை போனேன். ஏழு வருஷத்துப் பழைய கட்டுகளைத் தேட மாசக்கணக்கில் ஆகும் என்றார்கள். மில்லுக்குப் போனேன், மில் கைமாறியிருந்தது. என் காலை எடுத்த டாக்டர் திருச்சியில் இருப்பதாக ஒருவர் சொன்னார், காலமாகிவிட்டதாக இன்னொருவர் சொன்னார். பஸ்ஸில் ஏறுவேன், இறங்குவேன், எதிர்ப் பஸ்ஸில் ஏறுவேன். கக்கத்துத் தோல் உரிந்து சட்டையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது செவ்வாயும் போனது. கோவிலுக்குள் நுழைந்து, நின்றபடியே "அடிச்சிடு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அந்த வாரம் பிலோமினா கூடையோடு தெருவில் விழுந்தாள். மீனெல்லாம் மண்ணாகிவிட்டது. அவள் மீனைப் பொறுக்கிக் கழுவிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கை மரத்துப்போய், ஒரே மீனை மூன்று தடவை எடுத்தாள், மூன்று தடவையும் நழுவியது. எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது. ஏற்கெனவே செத்தவன்தானே என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஆகஸ்ட் மூன்றாம் தேதி, மூன்றாவது செவ்வாய். மத்தியானம் கோவிலில் ஒருவரும் இல்லை. நான் நேராகப் பீடத்துக்கு முன்னால் போய் நின்றேன். ஆண்டவரிடம் அன்று பேசியதை முழுவதும் எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. "காலைக் கேட்டேன், குடுக்கலை. பேரை அடிக்கக் கேட்டேன், அதையும் செய்யலை. அவ கழுத்து ஒடிஞ்சாத்தான் உனக்குத் திருப்தியா?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே கட்டையைத் தூக்கித் தரையில் ஓங்கி அடித்தேன்.

கட்டை இரண்டாகப் பிளந்துவிட்டது.

நான் அப்படியே விழுந்தேன். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் எழுந்து போக வழியில்லை. கோவிலை விட்டு, ஊரை விட்டு, எங்கேயாவது போய்விட வேண்டும் என்று உடம்பெல்லாம் பறக்கிறது. கட்டை இல்லை. பெஞ்சைப் பிடித்து ஏறி உட்கார்ந்தேன். விழுந்த சத்தம் கேட்டுச் சாமியார் ஓடி வந்தார். என்னையும் பார்த்தார், கட்டையையும் பார்த்தார்.

"இப்ப எங்கயும் போக மாட்டேல்ல?" என்று கேட்டார். "இரு, வர்றேன்."

உள்ளே போய்க் கல்லறைப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் வைத்தார். "போன வாரமே எடுத்துப் பாத்துட்டேன்ப்பா. உன்னைத் தேடி ரெண்டு தடவை ஆள் அனுப்பினேன். ரெண்டு தடவையும் வீடு பூட்டியிருக்குன்னு திரும்பி வந்துட்டான். எதை அடிக்கச் சொன்னேன்னு நீயே படிச்சுப் பாரு."

படித்தேன். என் பெயர். அப்பா பெயர். வயது இருபத்தொன்பது. தேதி. அதற்குப் பிறகு, நான் உட்கார்ந்து பார்க்காமல் போன கடைசிக் கட்டம். உபதேசியார் பொடி எழுத்தில், கட்டத்துக்குள் அடங்காமல் ஓரம் வரைக்கும் எழுதியிருந்தார்.

"வலது கால் மாத்திரம். முழங்காலுக்கு மேல். ஆள் உயிரோடு இருக்கிறார், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அவர் கேட்டுக்கொண்டபடி எழுதப்பட்டது. கொண்டுவந்தவர் மனைவி பிலோமினா, ஏழு மாதக் கர்ப்பிணி, ரிக்‌ஷாவில், தனியாக. அடக்கம் முடியும் வரை உடன் நின்றார். ஆஸ்பத்திரிச் சீட்டு இத்துடன்."

பக்கத்தின் ஓரத்தில் துருப்பிடித்த ஒரு குண்டூசி. அதில் ஒரு சீட்டு. காலைப் புதைக்கக் கொடுத்தனுப்புவதாக ஆஸ்பத்திரி எழுதிய சீட்டு. தேதி, என் பெயர், டாக்டர் கையெழுத்து, முத்திரை. அதிகாரி கேட்டது எல்லாம் அதில் இருந்தது. ஏழு வருஷமாக, புயல் தண்ணீர் எட்டாத அந்த அலமாரியில், நான் ஆண்டவர் மேல் கோபத்தில் எழுதச் சொன்ன பெயருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அன்றைக்கு நான் அந்தப் பெயரை எழுதச் சொல்லியிராவிட்டால், ஒரு காலுக்குக் கொடுத்த சீட்டை யார் எடுத்து வைத்திருக்கப் போகிறார்கள்? மூன்று வாரமாக நான் கேட்டபடி பெயரை அடித்துக் கொடுத்திருந்தால், பெயரோடு சீட்டும் போயிருக்கும்.

ஆனால் சகோதரர்களே, நான் அப்போது சீட்டைப் பார்க்கவில்லை. "தனியாக" என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாமியார் ஆள் அனுப்பியிருப்பார் போல. விற்றுத் தீராத கூடையோடு பிலோமினா ஓடி வந்தாள். கூடையைக் கோவில் வாசலில் இறக்கிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நீயா கொண்டு போனே?" என்று கேட்டேன்.

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. "வேற யாருங்க கொண்டு போவா?" என்றாள்.

"ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?"

"நீங்கதான் அந்தப் பேச்சே எடுக்கக் கூடாதுன்னுட்டீங்களே."

"சீட்டைக் குடுத்ததாச்சும் சொல்லியிருக்கலாமே."

"அது பொதைக்கிற சீட்டுதானேன்னு இருந்துட்டேங்க. அதை உபதேசியாருதான் வாங்கி வச்சுக்கிட்டாரு. ஆபீஸ்ல கேக்கறது பெட்டியில இருந்த சீட்டுன்னுல்ல நெனைச்சேன்."

எதற்கென்றே தெரியாமல், "கனமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"வெள்ளைத் துணியில சுத்தி மடியில வச்சிருந்தேன்" என்றாள். "பாப்பா உள்ள இருந்து ஒதைச்சுக்கிட்டே வந்தா."

நான் அழுதேன். ஆஸ்பத்திரியில் அழாதவன், புயல் தண்ணீர் வீட்டுக்குள் வந்தபோது அழாதவன், அன்று அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதேன். எனக்கு நேர்ந்ததை நான் ஒருவனே சுமப்பதாக ஏழு வருஷம் கோபித்துக்கொண்டு அலைந்தேன். அவள் என் காலையும் என் பிள்ளையையும் சேர்த்துச் சுமந்து, அடக்கம் முடிகிற வரைக்கும் நின்றுவிட்டு, வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து எனக்குக் கொடுத்திருக்கிறாள். நான் கேட்ட செபத்தை ஆண்டவர் கேட்கவில்லை. அவள் கேட்ட செபத்தைக் கேட்டார். அது எனக்கு நல்லதாகப் போயிற்று.

மறுநாள் சாமியார் தன் கையால் ஒரு நகல் எழுதி, சீட்டையும் கொடுத்து, முசேயின் கைத்தடியையும் கடன் வாங்கிக் கொடுத்து, அவரே என்னைச் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். அதிகாரி நகலை இரண்டு தடவை படித்தார். இரண்டாவது தடவை படிக்கும்போது பிலோமினாவைப் பற்றிய வரியில் கொஞ்சம் நின்றார். பிறகு குமாஸ்தா அம்மாவைக் கூப்பிட்டு, "இவரு பேரை அந்தப் பட்டியல்லேருந்து எடுங்க" என்றார். அந்த அம்மா சிவப்பு மையில் ஒரு கோடு போட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "இனிமே ஜாக்கிரதையா இருங்க. இன்னொரு காலையும் எழுதிடாதீங்க" என்றார். ஆறாம் தேதி என் மனு புதுச்சேரிக்குப் போனது. அக்டோபர் மாதம் உதவிப் பணத்துக்கு உத்தரவு வந்தது.

கூடை இறங்கியது. இப்போது எழுதுகிற இந்த 1985இல் அது எங்கள் வீட்டில் கோழி அடைக்கப் பயன்படுகிறது. பிலோமினா வாசலில் இடியாப்பம் போடுகிறாள். நான் மாவு பிழிகிறேன். பிழிந்து முடிகிற வரைக்கும் எழுந்து போவதில்லை. போனால் மாவு காய்ந்துவிடும் என்று திட்டுவாள். அவள் கையில் உணர்ச்சி முக்கால்வாசி திரும்பிவிட்டது. வெள்ளிக் காலும் மாதாவிடம் வைத்துவிட்டோம். கடைக்காரர் வலதா இடதா என்று கேட்டார். இடது என்று சொன்னேன். எடுத்துக்கொண்டதற்காக ஏழு வருஷம் சண்டை போட்டாயிற்று. விட்டுவைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டாமா?

எனக்கு வந்ததுபோல உங்களுக்கும் ஏதாவது வந்திருக்கலாம். கேட்டு, கிடைக்காமல், கோபத்தில் இருக்கிறவர்கள் இதைப் படித்தால் உங்களுக்குத்தான் சொல்கிறேன். ஆண்டவரிடம் சண்டை போடுங்கள், அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார். ஆனால் அவர் பதில் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து போய்விடாதீர்கள். கடைசிக் கட்டம் வரைக்கும் உட்கார்ந்து படியுங்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் வாய் திறந்து பேச விடுங்கள். நான் அதைச் செய்திருந்தால் அந்த மூன்று வாரம் அலைந்திருக்க வேண்டாம், என் மனைவியும் ஏழு வருஷம் அதை உள்ளேயே வைத்திருந்திருக்க வேண்டாம்.

அந்த 1982இல் கல்லறைத் திருநாளும் செவ்வாய்க்கிழமையில் வந்தது. அதற்கு முன்னால் நான் ஒரு தடவைகூடக் கல்லறைக்குப் போனதில்லை. பிலோமினா மட்டும் வருஷா வருஷம் போய்க்கொண்டிருந்தாள், தன் அப்பா அம்மாவுக்காகப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். அன்று சாயங்காலம் புதுக் கட்டையை வைத்துக்கொண்டு நானும் போனேன். மதில் ஓரத்தில் ஒரு சின்ன இடத்தை அவள் காட்டினாள். புல் செதுக்கி, கிளிஞ்சல் பதித்து வைத்திருந்தாள். சுற்றிலும் எல்லோரும் தங்கள் ஆட்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் என் காலுக்கு ஒன்று ஏற்றினோம். ஸ்டெல்லா அப்பாவின் கால் உள்ளே தூங்குகிறதா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

காற்று அடித்தது. பிலோமினா கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, "நீங்க வேணும்னா போங்க, நான் இருந்துட்டு வர்றேன்" என்றாள்.

மெழுகுவர்த்தி அடிவரைக்கும் எரிந்து முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரைக்கும் நான் அவள் பக்கத்தில் நின்றேன்.